ஒயின் ஷாப் மாடியில் பிறந்த காதல்

டியூக் ரீட் சுமார் பத்து வருஷம் ஜமைக்கா போலீஸில் காலம் தள்ளிவிட்டு வேலையை உதறினார். உதறியது சீருடையை மட்டும்தான், துப்பாக்கியை அல்ல. மனைவி லூசிலோடு சேர்ந்து கிங்ஸ்டன் நகரத்தில் ஒயின் ஷாப் வைத்தார். கடைக்குப் பெயர் ‘டிரெஷர் ஐல்’, அதாவது புதையல் தீவு. யாருடைய பணம் அங்கே புதைந்தது என்பதைக் குடித்தவர்களின் மனைவிமார்கள்தான் சொல்ல வேண்டும்.

பாட்டுப் போட்டால் கூட்டம் நிற்கும். நின்ற கூட்டம் ஆடும். ஆடிய கூட்டத்துக்குத் தாகம் எடுக்கும். ஜமைக்காவின் இசை வரலாறு முழுவதையும் இந்த மூன்று வாக்கியங்களில் அடக்கிவிடலாம், பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ரீட் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்களைச் செய்து ஒரு டிரோஜன் லாரியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார். ஊர் அந்த ஏற்பாட்டுக்கே ‘டிரோஜன்’ என்று பெயர் வைத்தது. பிற்பாடு லண்டனில் ஒரு ரெக்கார்ட் கம்பெனி இந்த லாரிப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, பிரிட்டன் முழுக்க ரெகே விற்றது.

ஐம்பதுகளில் யார் ஸ்பீக்கர் பெரிது என்று நடந்த போட்டிகளில் ரீட் மூன்று வருஷம் தொடர்ந்து ராஜாவாக முடிசூட்டப்பட்டார். ஆடல் மேடைக்கு அவர் வரும் கோலத்தைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: தலையில் கிரீடம், தோளில் ராஜ அங்கி, மார்பில் தோட்டா மாலை, இடுப்பில் இரண்டு ரிவால்வர். நம் ஊர் நாடகக் கம்பெனி ராஜபார்ட்டுகளாவது அட்டைக் கத்தியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த மகாராஜா கடைக்கு மேலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். கீழே கல்லாவில் உட்கார்ந்தபடியே மேலே வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொள்வாராம். பிடிக்கவில்லை என்றால் படியேறி வருவார். பிடித்துவிட்டாலும் ஆபத்துதான், சந்தோஷத்தில் கூரையைப் பார்த்து ஒரு ரவுண்டு சுட்டுவிடுவார். இதை அங்கே வாசித்தவர்களே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு பிற்பாடு வந்ததாக இருக்கும்.

2002 கோடையின் வாலில் பிரிட்டனைப் பிடித்து ஆட்டிய ‘தி டைட் இஸ் ஹை’, அதாவது கடல் அலை உயர்ந்திருக்கிறது, என்ற காதல் பாட்டு பிறந்த வீடு இதுதான். பாடியவர்கள் லிவர்பூலில் கிளம்பிய அட்டாமிக் கிட்டன் என்ற மூன்று பெண்கள். கடற்காற்றும் ஐஸ்க்ரீமும் கலந்த மாதிரி இருக்கும் அந்தப் பாட்டைக் கேட்டு இடுப்பை ஆட்டிய பள்ளிக்கூடப் பெண்களுக்கு அதன் பூர்வாசிரமம் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களுடைய அப்பா அம்மாக்கள் ரேடியோவை அணைத்திருப்பார்கள்.

பூர்வாசிரமத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்கலாம். அங்கேதான் சுவாரசியம் இருக்கிறது.

1962இல் ஜமைக்கா சுதந்திரம் வாங்கியபோது தீவெங்கும் ஓடிக்கொண்டிருந்தது ஸ்கா. குதிரை ஓட்டத்தில் போகும் தாளம், பீ பீ என்று ஊதித் தள்ளும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும். 1966இல் வெயில் கொளுத்தியது. ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது. “ஐயா, கொஞ்சம் மெதுவாகப் போடுங்கள்” என்று கேட்டார்கள். இப்படித்தான் வேகம் குறைந்த ராக்ஸ்டெடி பிறந்தது என்பது கிங்ஸ்டனில் காலங்காலமாகச் சொல்லும் கதை. ஆராய்ச்சியாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்க ஸோல் பாடல்களின் தாக்கம், எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரின் வருகை, பெரிய ஊதுகுழல் கோஷ்டிக்குக் கூலி கட்டுப்படியாகாமல் போனது என்று பட்டியல் நீட்டுவார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மே மாதத்தில் கல்யாண மண்டபத்தில் ஆடிப் பார்த்த எவரும் வெயில் கட்சியில்தான் சேருவார்கள்.

இந்த ராக்ஸ்டெடியில் ஒரு விஷமம் உண்டு. நம் கச்சேரியில் தாளத்தின் முதல் தட்டுக்குச் சமம் என்று பெயர், மரியாதை, பட்டுச் சால்வை எல்லாம் உண்டு. ஜமைக்காக்காரர்கள் அந்த முதல் தட்டையே காலியாக விட்டார்கள். டிரம்காரர் ஒன்று, இரண்டு என்று சும்மா இருந்துவிட்டு மூன்றில் தொப்பென்று போடுவார். கிட்டார் நடுநடுவே இடுக்கில் சுரண்டும். முதலாவது என்ற ஸ்தானத்தையே கணக்கில் வைக்காத இந்தத் தாளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஒருவர் “அவளிடம் எனக்குத்தான் முதலிடம்” என்று சபதம் போடும் பாட்டை எழுதினார். அவர் பெயர் ஜான் ஹோல்ட். 1947இல் பிறந்தவர். பாட்டு வந்தபோது இருபது வயசு. அந்த வயசில் யாருக்குத்தான் கணக்கு வந்தது?

பாட்டின் விஷயம் சுருக்கமானது. ஒருத்தியை விரும்புகிறான். அவளை விரும்புகிறவர்களின் வரிசையோ ரேஷன் கடை வரிசை. நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது, ஆனாலும் அண்ணன் இடத்தை விட்டு நகர மாட்டார். அவ்வளவுதான் கதை. நம் சினிமா நாயகன் என்றால் இடைவேளைக்குள் நாலு பேரை அடித்து, அவள் அண்ணனைத் திருத்தி, சம்மதம் வாங்கி, சுவிட்சர்லாந்து போய்த் திரும்பியிருப்பான். ஹோல்ட்டின் ஆள் அடிக்கவும் மாட்டான், போகவும் மாட்டான். நிற்பான்.

இதைப் பாடிய பாரகன்ஸ் கோஷ்டியில் மூன்று பேர்: ஹோல்ட், டைரோன் எவன்ஸ், ஹோவர்ட் பேரட். மூவரும் கோட்டுப் போட்ட கனவான்கள் மாதிரி குரலைக் குழைத்து, ஒரே சுருதியில் இழைந்து, ஒரே பெண்ணிடம், முதலிடம் தங்களுக்குத்தான் என்று ஒரே நேரத்தில் பாடினார்கள். இருப்பது ஒரு இடம், விண்ணப்பம் மூன்று. இதிலுள்ள சிக்கலை மாடியில் இருந்த யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. துப்பாக்கிக்காரர் கீழே கேட்டுக்கொண்டிருக்கும்போது யார் வாயைத் திறப்பார்?

பின்னணி வாசித்தது டாமி மெக்குக்கின் சூப்பர்சானிக்ஸ் குழு. அதிலே ஒரு வயலின் கொஞ்சம் அழுது, கொஞ்சம் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலப் பாட்டு நெடுகக் கூடவே வரும். வாசித்தவரை எல்லாரும் அழைத்தது ‘ஒயிட் ரம்’ ரேமண்ட் என்று. ஒயின் ஷாப் மாடியில் ஒரு ரம் ரேமண்ட்! இப்படி ஒரு பாத்திரத்தை நான் கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

1967இல் இசைத்தட்டு வெளிவந்தது. முதலிடம் முதலிடம் என்று முழங்கிய பாட்டை எங்கே போட்டார்கள் தெரியுமா? பின்பக்கம். முன்பக்கத்தில் ‘ஒன்லி எ ஸ்மைல்’ என்ற வேறு பாட்டு. தன் சொந்தத் தட்டிலேயே இரண்டாவது. காதலி கிடக்கட்டும், முதலில் கம்பெனி முதலாளியிடம் இடம் கேட்டிருக்க வேண்டும்.

ஜமைக்காவில் பாட்டு நன்றாகவே ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் யூ ராய் என்ற மகானுபாவர் பாரகன்ஸின் பாட்டுகளை ஓடவிட்டு, இடையிடையே மைக்கில் “ஆகா, சபாஷ், அப்படிப் போடு” வகையறாவில் தாளத்தோடு பேசி ரெக்கார்டு போட்டார். இந்தப் பாட்டும் தப்பவில்லை. பாட்டுக்குள் ஒருவன் உருகி உருகிக் காதல் சொல்கிறான். வெளியே நின்று ஒருவர் வர்ணனை செய்கிறார். கிரிக்கெட்டுக்கு வர்ணனை கேட்டிருக்கிறோம். காதலுக்கு வர்ணனை ஜமைக்கா கண்டது. அந்தப் பேச்சிலிருந்து கிளைத்த வம்சத்தில்தான் ராப் வந்தது என்பார்கள். அந்தக் கிளைக்கு இப்போது ஏறினால் இறங்க நேரமாகும்.

ஹோல்ட் 1970இல் தனியாகப் போனார். வயலின் பட்டாளம் வைத்து ‘தவுசண்ட் வோல்ட்ஸ் ஆஃப் ஹோல்ட்’ என்று மின்வாரிய அறிவிப்பு போன்ற பெயரில் ஆல்பம் போட்டார். அதிலிருந்த கிரிஸ் கிறிஸ்டோபர்சனின் பாட்டு ஒன்று எழுபதுகளின் நடுவில் பிரிட்டனில் ஆறாம் இடம் வரை ஏறியது. அடுத்தவர் எழுதிய பாட்டைப் பாடி அவருக்கு ஆறாமிடம். அவர் எழுதிய பாட்டைப் பாடி அடுத்தவர்களுக்கு முதலிடம். அது இனிமேல் வருகிறது.

நியூயார்க்கின் ப்ளாண்டி குழுவைச் சேர்ந்த டெபி ஹாரியும் கிரிஸ் ஸ்டைனும் லண்டன் போன இடத்தில் ஒரு கதம்பக் கேசட்டில் பாரகன்ஸின் பாட்டைக் கேட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் ஸ்கா மறுபடி உயிர்த்தெழுந்து, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்த அலையின் தலைவர்களான தி ஸ்பெஷல்ஸ் குழுவை “எங்களுக்குப் பின்னணி வாசிக்கிறீர்களா?” என்று ஸ்டைன் கேட்டார். மாட்டோம் என்றார்கள். விடாமுயற்சியைப் பற்றிய பாட்டுக்கு முதல் படியிலேயே மறுப்பு. சகுனம் பொருத்தமாகத்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் தயாரிப்பாளர் மைக் சாப்மன் கூலிக்கு ஆள் பிடித்துத் தாளக் கருவிகளும் ஊதுகுழல்களும் வயலின்களும் கொட்டி, தீவுக்குப் போகாமலே ஒரு தீவைக் கட்டினார்.

டெபி ஹாரி ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடுகிற மாதிரித் திருப்பிக்கொண்டார். நல்லதுதான், ஆனால் 1980ஐ நினைத்துப் பாருங்கள். உலகத்தில் பாதிப் பேர் அறைச் சுவரில் டெபி ஹாரியின் படத்தை ஒட்டி வைத்திருந்த வருஷம் அது. அவர் போய் எவனோ ஒருவனுக்காக வரிசையில் நிற்கிறேன், கடைசி வரை விடமாட்டேன் என்று பாடினால் யார் நம்புவது? பாட்டுக்கு எடுத்த வீடியோவிலோ அவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, டார்த் வேடர் சாயலில் கருப்பு முகமூடிக்காரர் ஒருவர் வேடிக்கை பார்க்கிறார், கடைசியில் ராக்கெட் வருகிறது. ஜமைக்காவில் ஒரு பெண்ணின் மனசு மட்டும் சம்பந்தப்பட்டிருந்த விவகாரம், அமெரிக்கா வந்ததும் விண்வெளி வரை போய்விட்டது.

1980 நவம்பரில் பிரிட்டனில் முதலிடம். 1981 ஜனவரி கடைசியில் அமெரிக்காவில் முதலிடம். பின்பக்கத்தில் கிடந்த பாட்டு முன்னுக்கு வரப் பதின்மூன்று வருஷம் பிடித்தது.

அந்த 1980 இலையுதிர் காலத்துப் பட்டியலில் கொஞ்சம் கீழே ஒரு இளைஞர் நின்றுகொண்டிருந்தார். ஆண்டி மெக்லஸ்கி. அவருடைய ஓஎம்டி குழு, ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தின் பெயரில் ‘எனோலா கே’ என்று ஒரு துள்ளல் பாட்டுப் போட்டு எட்டாம் இடத்தில் நின்றுபோனது. அணுகுண்டுக்கும் துள்ளலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எண்பதுகளின் சிந்தசைசர்காரர்கள் எதற்கும் துள்ளுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பிரிட்டனில் கிட்டார்காரர்களின் ராஜ்யம். சிந்தசைசர் வைத்திருந்தவர்களைத் தட்டச்சு எந்திரம் வைத்திருந்தவர்களைப் போலப் பார்த்தார்கள். மெக்லஸ்கி 1996இல் கடையை மூடினார். கையில் பாட்டு எழுதும் வித்தை இருக்கிறது, பாட மூஞ்சி இல்லை. அப்போது அவருக்கு ஞானோபதேசம் செய்தவர் கார்ல் பார்டோஸ். யார் இவர்? ரோபோட்டுகளாகவே வேஷம் போட்டு, சிரிக்காமல் நின்று வாசித்த ஜெர்மானிய கிராஃப்ட்வெர்க் குழுவின் முன்னாள் உறுப்பினர். “பாட்டை எழுதி அடுத்தவர்களிடம் நீட்டிக்கொண்டு அலையாதே. பெண்கள் குழு ஒன்றை நீயே உண்டாக்கு, அவர்கள் உன் பாட்டைப் பாடட்டும்” என்பது உபதேசத்தின் சாரம். ரோபோ சொன்னால் தட்ட முடியுமா? 1998இல் மெக்லஸ்கியும் தோழர் ஸ்டூவர்ட் கெர்ஷாவும் லிவர்பூலில் பெண் பார்க்கக் கிளம்பினார்கள், குழுவுக்குத்தான். அணுகுண்டு புகழ் மெக்லஸ்கியின் குழு அட்டாமிக் கிட்டன் என்று பெயர் பெற்றது. குண்டு போய் அணுப்பூனைக்குட்டி.

ஆரம்பத்தில் மூவர்: லிஸ் மெக்லார்னன், கெர்ரி கட்டோனா, ஹைடி ரேஞ்ச். சீக்கிரமே ஹைடி விலக, அந்த இடத்துக்கு நடாஷா ஹாமில்டன் வந்தார். சுமாரான வெற்றிகள், பிறகு சறுக்கல். கம்பெனி கையைக் கழுவ யோசித்த நேரத்தில் ‘ஹோல் அகெய்ன்’ வெளிவந்து 2001 பிப்ரவரியில் நாலு வாரம் முதலிடத்தில் நின்றது. அது வெளிவரும் தறுவாயில் கெர்ரி பிள்ளை உண்டாகி விலகியிருந்தார். வெஸ்ட்லைஃப் குழுவின் பிரையன் மெக்ஃபேடன்தான் தகப்பனார். பாப் உலகத்தில் சம்பந்தம் வெளியே போகாது. கெர்ரியின் இடத்தில் யூரோவிஷன் அனுபவம் உள்ள ஜென்னி ஃப்ராஸ்ட் வந்து நின்றார். பாட்டின் வீடியோவைத் திரும்ப எடுத்தார்கள். முதலிடத்தைக் கொண்டாட மேடையேறியவர்களில் முதல் நாளிலிருந்து இருந்தவர் லிஸ் ஒருத்திதான்.

இந்தக் கூட்டணியின் கையில்தான் முதலிடச் சபதம் மூன்றாவது தடவை வந்து விழுந்தது. பாட்டு பழசு, எழுதியவர் ஹோல்ட். புதுசாக என்ன செய்யலாம்? பில் பேட்லி, ஜெம் காட்ஃப்ரி என்ற இரண்டு கைதேர்ந்த தச்சர்கள் நடுவில் ஒரு புதுத் துண்டைச் செருகி, தலைப்பில் அடைப்புக்குறி போட்டு ‘கெட் தி ஃபீலிங்’ என்று ஒட்டினார்கள். மூலப் பாட்டில் இல்லாத உணர்ச்சியை அடைப்புக்குறிக்குள் வழங்கிய பெருமை பாப் உலகத்துக்கே உரியது. காட்ஃப்ரி பிற்பாடு ஃப்ராஸ்ட் என்ற குழு தொடங்கி, பத்து இருபது நிமிஷத்துக்கு நீளும் சிடுக்கான ராக் இசைக்குப் போனார். கெட்டவர் இல்லை, பிராயச்சித்தம் தெரிந்தவர். மெக்லஸ்கியின் பெயர் இந்தப் பாட்டில் எங்குமே கிடையாது. தன் பாட்டைப் பாட ஆள் தயார் செய்தார். ஆட்கள் 1980இல் அவரை மேலிருந்து பார்த்துச் சிரித்த பாட்டைப் பாடினார்கள்.

பாட்டு நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரம் ரேமண்டின் வயலின் இல்லை, தாகம் இல்லை, இடுக்கில் சுரண்டும் கிட்டார் மட்டும் லேசான வாசனையாக மிச்சம். ஆனால் மூன்று குரல்களும் சேரும் இடத்தில் ஒரு கள்ளமில்லாத உற்சாகம் இருக்கிறது. காதலில் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. பாரகன்ஸ் மூவரிடமாவது குரலில் ஒரு கவலை இருந்தது.

வெளியிட்ட நாள் 2002 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை. பிரிட்டனில் அது கோடைக் கடைசி விடுமுறை. அன்று மாலை கடற்கரை நாற்காலிகளை மடித்து வைத்தால் அடுத்த வருஷம்தான் பிரிப்பார்கள். கோடைப் பாட்டு கோடையை வழியனுப்ப வந்தது, தாலி கட்டிய பிறகு மண்டபத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் மாதிரி. இருந்தாலும் செப்டம்பரில் மூன்று வாரம் முதலிடம். பள்ளிக்கூடம் திறந்து, குடையோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் கடலைப் பற்றிப் பாடிக்கொண்டு நின்றார்கள்.

அந்த வருஷம் முதலிடத்துக்கு வந்தவர்களைப் பார்த்தால் கூச்சப்பட வேண்டியதில்லை. செத்து இருபத்தைந்து வருஷமான எல்விஸ் பிரெஸ்லியே ஜூனில் வந்து நாலு வாரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் சுகபேப்ஸ் என்ற இன்னொரு மூவர் குழு முதலிடம் பிடித்தது. அதில் ஒருவர் ஹைடி ரேஞ்ச். ஆமாம், பூனைக்குட்டிகளை விட்டுப் போன அதே ஹைடி. போனவர் முந்திக்கொண்டார். செப்டம்பர் கடைசியில் பாடகி பிங்க் வந்து நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் லிஸ்ஸி மெக்குயர் என்ற டிஸ்னி சிறுமி ரோமாபுரிக்குச் சுற்றுலா போன படத்தில் பாட்டு ஒலித்து, அமெரிக்கக் குழந்தைகள் அதை இத்தாலி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 1967இல் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணிடம் முதலிடம் கேட்டார்கள். 1980இல் ஒரு பெண், பின்னால் ஐந்து ஆண்கள் வாத்தியத்தோடு நிற்க, ஒரு ஆணிடம் கேட்டார். 2002இல் மூன்று பெண்கள், தோளோடு தோள் நின்று, ஒருவனிடம் கேட்டார்கள். சண்டை இல்லை, பொறாமை இல்லை, யாருக்கு இரண்டாமிடம் என்ற பேச்சே இல்லை. ஊரே வரிசையில் நிற்கும் அந்த அதிர்ஷ்டசாலி ஒரு முறையாவது “சரி” என்றோ “போங்கள்” என்றோ சொன்னதுண்டா என்றால், இல்லை. யூ ராய் ஒருவர்தான் இடையில் பேசினார். அவரும் வேடிக்கை பார்க்க வந்தவர்.

ஜான் ஹோல்ட் 2014இல் லண்டனில் காலமானார். அதற்கு ஆறு வருஷம் முன்பே, ஜமைக்கா வம்சாவளியில் வந்த கனடாக்காரர் கார்டினல் அஃபிஷால் இதே பாட்டின் தலைப்பிலேயே ‘நம்பர் ஒன்’ என்று பச்சையாகப் போட்டு, ரிஹானாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைப் புதுப்பித்துவிட்டார். இந்தத் தடவை வேகமாகவே பேசினார், கையோடு ஒரு சிபாரிசும் இருந்தது. அவருக்கும் பதில் வரவில்லை.